குடத்து நீரும் குணமாகாத காய்ச்சலும்

தண்ணீரைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் மழையையும் ஆற்றையும் புகழ்ந்து தொடங்குவது வழக்கம். இக்கட்டுரையோ அடுப்பங்கரை மூலையில் இருக்கும் தண்ணீர்க் குடத்தில் தொடங்குகிறது. காலையில் பிடித்து வைத்த நீர். அதன் மேல் ஒரு தட்டு. தட்டின் மேல் கவிழ்த்து வைத்த ஒரு டம்ளர். பள்ளிவிட்டுத் தாகத்தோடு வரும் பெண் தட்டை நகர்த்தி, டம்ளரைக் குடத்துக்குள் விட்டு மொண்டு குடிக்கிறாள். அவள் விரல்கள் நான்கும் நீரில் நனைகின்றன. இந்தச் சிறு செயலுக்கும், “இந்த மருந்துக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, வேறு மருந்து மாற்ற வேண்டும்” என்று மருத்துவர் சொல்வதற்கும் தொடர்பு உண்டென்றால் மாணவியர் வியப்படையக்கூடும். அந்தத் தொடர்பு என்ன என்பதைப் பார்ப்போம்.

டைபாய்டு காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். சால்மோனெல்லா டைஃபி என்னும் பாக்டீரியாவால் வருவது இது. ஆடு, மாடு, கோழிகளுக்கு இந்நோய் இல்லை. இக்கிருமி மனிதரிடத்தில் மட்டுமே வாழ்வது. ஆகவே ஒருவர் குடலிலிருந்து வெளியேறியது மற்றொருவர் வாய்க்குள் சென்றாலொழிய இந்நோய் பரவ வழியில்லை. சொல்வதற்கு அருவருப்பாக இருப்பினும் உண்மை இதுவே. குடிநீரும் உணவுமே அதற்கு வாகனம். அக்காலத்தில் மூன்று வாரம், நான்கு வாரம் என்று நோயாளி படுத்த படுக்கையாய்க் கிடப்பார். பத்துப் பேருக்கு நோய் கண்டால் ஒருவராவது இறப்பது வழக்கமாயிருந்தது. மருத்துவர் செய்யக்கூடியதெல்லாம் கஞ்சித் தெளிவும் ஈரத்துணியும் வேண்டுதலுந்தான்.

பிறகு உயிர் எதிரி மருந்துகள் வந்தன. ஆன்டிபயாடிக் என்று இன்று எல்லாரும் சொல்வது இவற்றைத்தான். தென் அமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டு மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து குளோராம்பெனிக்கால் என்ற மருந்து 1947-இல் எடுக்கப்பட்டது. மறு ஆண்டே, 1948-இல், மலாயாவின் கோலாலம்பூரில் டைபாய்டு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தனர். வாரக்கணக்கில் இறங்காத காய்ச்சல் சில நாட்களில் இறங்கிற்று. உலகெங்கும் தாய்மார் பெருமூச்சு விட்டனர் எனலாம்.

அந்த நிம்மதி கால் நூற்றாண்டுதான் நீடித்தது. 1972-இல் இரண்டு இடங்களிலிருந்து கெட்ட செய்தி வந்தது. ஒன்று, ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தாட்டிய மெக்சிக்கோ நாட்டுத் தொற்று. மற்றொன்று நமக்கு மிக அருகில், கேரளத்தின் கோழிக்கோட்டில். குளோராம்பெனிக்காலுக்கு அசையாத டைபாய்டு கிருமியைக் கண்டதாகவும், அந்த எதிர்ப்பாற்றல் ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்குக் கைமாறக்கூடியது என்றும் கோழிக்கோட்டு ஆய்வாளர்கள் அவ்வாண்டே ‘நேச்சர்’ இதழில் எழுதினர். எழுதியவருள் ஒருவர் டாக்டர் சி. கே. ஜெயராம் பணிக்கர். மருத்துவம் படிக்கும் நம் பழைய மாணவியர் பலரும் புரட்டியிருக்கும் நுண்ணுயிரியல் பாடநூலின் ஆசிரியர் இருவரில் அவரும் ஒருவர்.

கைமாறுவது என்றால் என்ன? இங்கேதான் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

மருந்தைச் சாப்பிடச் சாப்பிட நம் ‘உடம்பு’ மருந்துக்குப் பழகிவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பழகுவது உடம்பு அல்ல, கிருமி. அதுவும் பழகுவது என்பதைவிடத் தேர்ந்தெடுக்கப்படுவது என்பதே பொருந்தும். குடலில் வாழும் பாக்டீரியா ஒன்று, உணவும் சூடும் வாய்ப்பாக அமைந்தால், ஏறத்தாழ 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். இப்படியே 10 மணி நேரம் தடையின்றிப் பெருகினால் 30 தலைமுறை. ஒன்றை இரண்டால் 30 தடவை பெருக்கிப் பாருங்கள். 107 கோடிக்கு மேல் வரும்! அத்தனை கோடியில் எங்கோ ஒன்றிரண்டு, தற்செயலான மாறுதலால், மருந்தைச் சமாளிக்கும் திறமையோடு பிறந்துவிடும். மருந்து இல்லாதபோது அவற்றுக்குச் சிறப்பு ஏதுமில்லை. மருந்து வந்து மற்றவற்றைக் கொன்றதும் இடமும் உணவும் முழுவதும் அவற்றுக்கே. நெல்லை அழித்துக் களையை மட்டும் விட்டுவைத்த வயல் போலாகிறது குடல்.

இதோடு நின்றிருந்தால் தொல்லை குறைவு. ஆனால் பாக்டீரியாக்கள் தம் மருந்து எதிர்ப்பு இரகசியத்தைப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி அண்டை அயலாருக்கும் கொடுக்கின்றன. ‘பிளாஸ்மிட்’ எனப்படும் சிறு வளையம் ஒன்றில் அந்த இரகசியம் எழுதப்பட்டிருக்கும். ஒரு பாக்டீரியா மற்றொன்றை ஒட்டி நின்று, நுண்ணிய குழாய் வழியே அவ்வளையத்தின் படி ஒன்றை அதற்குக் கொடுத்துவிடுகிறது. ‘அ’ பிரிவு மாணவி ஒருத்தி தன் குறிப்பேட்டுத் தாளைப் படியெடுத்து ‘ஆ’ பிரிவுத் தோழிக்குக் கொடுப்பது போல! கொடுத்தவளிடமும் குறிப்பு இருக்கிறது, வாங்கியவளிடமும் இருக்கிறது. வாங்கியவள் வேறு வகுப்பாய், ஏன், வேறு பள்ளியாய்க்கூட இருக்கலாம். ஜப்பானிய அறிவியலார் 1959-இல் இதைக் கண்டனர். வயிற்றுக் கடுப்பு நோயை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமியும், நம் குடலில் சாதுவாக வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவும் ஒன்றுக்கொன்று இவ்விதம் கொடுத்து வாங்கிக்கொண்டன.

ஈ. கோலை என்ற பெயரை மாணவியர் மறக்காதிருக்க வேண்டும். தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885-இல் கைக்குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்தது அது. நம் ஒவ்வொருவர் குடலிலும் கோடிக்கணக்கில் உண்டு. பெரும்பாலான வகைகள் நமக்குத் தீங்கு செய்வதில்லை. குடிநீர்ச் சோதனையில் முதலில் தேடப்படுவது இதுதான். நீரில் ஈ. கோலை இருந்தால், யாருடைய குடலிலிருந்தோ, அல்லது ஏதோ ஒரு விலங்கின் குடலிலிருந்தோ, அண்மையில் அந்நீரில் கலப்பு நேர்ந்திருக்கிறது என்று பொருள். ஆகவே இந்தியத் தர நிர்ணயம் 100 மில்லி லிட்டர் குடிநீரில் ஒரு ஈ. கோலைகூட இருக்கலாகாது என்கிறது. இது நெடுங்காலமாக வெறும் அடையாளமாக, ‘திருடன் வந்து போன காலடித்தடம்’ போலக் கருதப்பட்டு வந்தது. இன்றோ அந்தச் சாதுவான ஈ. கோலையே மருந்து எதிர்ப்புக் குறிப்புகளைச் சுமந்து செல்லும் தபால்காரனாகிவிட்டது.

இது கற்பனையன்று. டைபாய்டு கதையின் அடுத்த கட்டத்தைக் கேளுங்கள். 1980-களின் இறுதியில் குளோராம்பெனிக்காலோடு ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் ஆகிய மூன்றுக்கும் மசியாத டைபாய்டு நம் நாட்டிலும் அண்டை நாட்டிலும் பரவிற்று. மருத்துவர்கள் சிப்ரோஃபிளாக்சசினுக்கு மாறினர். 1990-களிலேயே அதுவும் தளரத் தொடங்கியது. பிறகு செஃப்ட்ரியாக்சோன் ஊசி. 2016-ஆம் ஆண்டின் இறுதியில் பாகிஸ்தானின் சிந்து மாநிலத்து ஐதராபாத் நகரில் அந்த ஊசிக்கும் இறங்காத டைபாய்டு தலைகாட்டியது. ஐந்து வகை மருந்துகள் பயனற்றுப் போயின. வாய்வழி கொடுக்க அசித்ரோமைசின் ஒன்றே எஞ்சியது. 2018-ஆம் ஆண்டு முடிவதற்குள் அம்மாநிலத்தில் 5 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இந்த வகை டைபாய்டால் நோயுற்றனர். அக்கிருமியின் மரபுப் பொருளை ஆராய்ந்தவர்கள், அதற்குப் புதிதாகக் கிடைத்திருந்த பிளாஸ்மிட் வளையம் ஈ. கோலையிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று 2018-இல் தெரிவித்தனர். சாதுவானவன் கொடுத்த குறிப்பு கொடியவன் கையில்! நோய் பரவியதற்குச் சாக்கடை கலந்த குடிநீரே முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது.

அந்த ஐதராபாத்துக்கு உதவி வந்தது நம் ஐதராபாத்திலிருந்து என்பது இதில் ஓர் ஆறுதல். பாரத் பயோடெக் நிறுவனம் தயாரித்த புதிய டைபாய்டு தடுப்பூசி, ஆறு மாதக் குழந்தைக்கும் போடத்தக்கது, அங்குள்ள பிள்ளைகளுக்குப் போடப்பட்டது. 2019-இல் பாகிஸ்தான் அவ்வகைத் தடுப்பூசியைத் தன் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. உலகில் முதலில் அவ்வாறு செய்த நாடு அதுவே. எல்லை தாண்டிக் கிருமி மட்டுமா போகிறது?

நிற்க. மருந்து எதிர்ப்புக் குறிப்புகள் குழாய் நீரிலேயே இருக்கக்கூடுமா என்ற கேள்விக்கு டில்லியில் ஒரு விடை கிடைத்தது. மற்ற மருந்துகள் கைவிட்டபோது பெரிய மருத்துவமனைகளில் கடைசியாகக் கொடுக்கும் கார்பபெனெம் வகை மருந்துகளையும் செயலற்றதாக்கும் மரபணு ஒன்றுண்டு; அதற்கு என்.டி.எம்.-1 என்று பெயர். அதைச் சுமந்த கிருமிகள் சென்னையிலும் 44 நோயாளி மாதிரிகளில் காணப்பட்டதாக 2010-இல் வெளியான ஆய்வு கூறிற்று. மருத்துவமனைக்கு வெளியே இது உண்டா என்று பார்க்க, அவ்வாண்டே புதுடில்லியில் 50 குடிநீர்க் குழாய்களிலிருந்தும், தெருவோரத்தில் தேங்கிய நீர் 171 இடங்களிலிருந்தும் மாதிரி எடுத்தனர். குடிநீரில் இரண்டிலும், தேங்கிய நீரில் 51-இலும் அந்த மரபணு இருந்தது. காலராக் கிருமியிலும் அது ஏறியிருந்தது. முடிவு 2011-இல் வெளியாயிற்று. ‘புது டில்லி’ என்ற பெயரை மரபணுவுக்கு வைத்தது நம் நாட்டுக்கு இழுக்கு என்று அப்போது பெரும் வாதம் எழுந்தது. வருத்தம் நியாயமானதே, ஆயினும் பெயரைப் பற்றிய சண்டையில் தண்ணீரைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போனது என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டு, 2012-இல், இந்திய மருத்துவச் சங்கங்கள் பலவும் கூடி ஆன்டிபயாடிக் பயன்பாட்டை முறைப்படுத்த வழிவகை கூறிய ஆவணம் ‘சென்னைப் பிரகடனம்’ என்றே பெயர் பெற்றது. அந்தப் பெயரில் நமக்குச் சற்றுப் பெருமை உண்டு.

இனி வீட்டுக்கு வருவோம். நீர் எங்கே கெடுகிறது? குழாயில் நீர் எந்நேரமும் அழுத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தால், விரிசல் வழியே நீர் வெளியே கசியுமேயன்றி வெளி அழுக்கு உள்ளே வராது. நம் ஊர்களிலோ இரண்டு நாளுக்கு ஒரு முறை, நான்கு நாளுக்கு ஒரு முறை என்று தண்ணீர் விடுகிறார்கள். நீர் நின்ற குழாயில் அழுத்தம் இல்லை. பக்கத்துச் சாக்கடை நீர் விரிசல் வழியே உள்ளே புகுந்து காத்திருக்கும். மோட்டார் வைத்துக் குழாயை உறிஞ்சும் வீட்டார் இதை இன்னும் மோசமாக்குகிறார்கள். உறிஞ்சுவது தண்ணீரை மட்டுமன்று.

தண்ணீர் தினமும் வராததால் சேமித்து வைத்தாக வேண்டியிருக்கிறது. சேமிக்கும் பாத்திரமே அடுத்த கண்டம். வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வீடுகளில் சேமித்த நீரைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பல வீடுகளில் சேமித்து வைத்த நாட்களில் நீரின் மாசு கூடியிருந்தது தெரிந்தது. காரணம் நாம் முதலில் பார்த்த விரல்களே. பித்தளைப் பாத்திரத்தில் வைத்த வீடுகளில் மாசு குறைவாயிருந்ததையும் அவர்கள் கண்டனர். பெங்களூரில் 2012-இல் வெளியான சோதனையிலோ, செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் காலரா, வயிற்றுக் கடுப்பு, ஈ. கோலை, சால்மோனெல்லா ஆகியவற்றின் கிருமிகள் உயிரோடு கிடைக்கவில்லை. பாட்டிமார் பரணில் ஏற்றிவைத்த செம்புக் குடத்தை இறக்கிப் புளி போட்டுத் துலக்கலாம். ஆனால் 16 மணி நேரத்தை மறக்கலாகாது. காலையில் ஊற்றி நண்பகலில் குடித்தால் அந்தப் பலன் கிட்டும் என்று நம்ப முடியாது.

கானாவூர்த் திருமணத்தில் ஆறு கற்சாடிகள் இருந்ததை நற்செய்தியில் படிக்கிறோம். அவை ஏன் கல்லால் ஆனவை என்று ஒரு மாணவி கேட்கலாம். யூதர் வழக்கப்படி மண்பாண்டம் தீட்டுப்பட்டால் உடைத்துவிட வேண்டும். கற்சாடிக்குத் தீட்டு இல்லை. அது சமயச் சடங்கைப் பற்றிய தூய்மை, கிருமியைப் பற்றியதன்று. கிருமியின் கணக்கில், சாடி எதனால் ஆனது என்பதைவிட அதில் எப்படி மொள்ளுகிறோம் என்பதே பெரிது. வாய் அகன்ற அண்டாவைவிட வாய் குறுகிய குடம் மேல்; அதைவிட மேல் அடியில் குழாய் வைத்த பாத்திரம். குழாய் இல்லையா? நீண்ட கைப்பிடி வைத்த கரண்டிச் செம்பு ஒன்றை வாங்கி, வேறெதற்கும் எடுக்காமல், சுவரில் ஆணியடித்து மாட்டி வையுங்கள். கேன் தண்ணீர் வாங்கும் வீட்டாருக்கும் விலக்கு இல்லை. கேனைக் கவிழ்க்கும் கலத்தை மாதக்கணக்கில் கழுவாமல் வைத்தால் அதுவும் ஒரு குடமே.

இப்போது மிகவும் தேவையான ஓர் உண்மை. மருந்துக்குச் சாகாத கிருமி நெருப்புக்கும் சாகாது என்று எண்ணிப் பயப்பட வேண்டா. எத்தனை மருந்துகளை எதிர்த்தாலும் கொதிநீரில் அது மற்றக் கிருமிகளைப் போலவே மடிகிறது. நீர் நன்றாகக் குமிழியிட்டுத் தளதளவெனக் கொதிக்க வேண்டும். ஒரு நிமிடம் போதும். கோடைக்கானல், உதகை போன்ற உயரமான இடங்களில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம் விடுவது நல்லது. மூடியபடியே ஆறவிட வேண்டும். சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீர் கலப்பது வேலையைக் கெடுப்பதாகும். குளோரினும் இக்கிருமிகளைக் கொல்லும். அதற்கு அரை மணி நேரமாவது அவகாசம் தர வேண்டும். குழாய் நீரில் வரும் இலேசான மருந்து வாடையைப் பலர் வெறுக்கின்றனர். உண்மையில் அந்த வாடை ஒரு காவற்காரன்: பிறகு விரல் பட்டாலும் ஓரளவுக்குக் காக்கும். கொதித்து ஆறிய நீருக்கு அந்தக் காவல் கிடையாது. ஆகவே அதில் கை படலாகாது. கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் தேற்றாங்கொட்டையும் முருங்கை விதையும் நம் முன்னோர் தந்த நல்ல வழிகளே. ஆனால் தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு. தெளியவைத்த பின் காய்ச்ச வேண்டும்.

குடத்தைக் காத்தால் போதுமா? மருந்துப் பெட்டியையும் பார்க்க வேண்டும். பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். கணவனுக்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கிக் குறைவாகச் சாப்பிடுகிறான். கிருமி சாகாமல் எதிர்ப்பைப் பெறுகிறது. அக்கிருமி மனைவியைத் தொற்றி நிமோனியாவாகிறது, இப்போது பென்சிலின் பலிக்கவில்லை, அவள் இறக்கிறாள். அவள் சாவுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார் ஃபிளெமிங். மருந்து புதிதாய் வந்த காலத்திலேயே, பரிசு வாங்கும் மேடையிலேயே, கண்டவரே சொன்ன எச்சரிக்கை இது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று மதிப்பிட்டுள்ளனர்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றதும் போன தடவை மீந்த மாத்திரையை எடுக்கிறோம். இல்லையேல் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் இரண்டு மாத்திரை கேட்கிறோம். குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி வைரசால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் சிறிதும் உதவாது. உதவாதது மட்டுமன்று, குடலில் இருக்கும் சாதுவான ஈ. கோலைகளுள் எதிர்ப்புள்ளவற்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிவிடும். அவை கழிவறை வழியே சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து விரிசல் குழாய்க்கும், அங்கிருந்து அடுத்த தெருக் குடத்துக்கும் போகின்றன. ஆகையால்தான் குடத்தையும் மாத்திரையையும் பிரித்துப் பேச முடியவில்லை.

வயிற்றுப்போக்குக்கு வேண்டியது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். 1971-இல் வங்கப் போரின்போது எல்லையோர பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலநாபிஸ் என்னும் மருத்துவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் தாய்மாரையும் உறவினரையும் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்தது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்தப் பீப்பாயின் வாரிசு. பொட்டலம் கிடைக்காதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், கண் குழிந்து சோர்தல், குடித்ததெல்லாம் வாந்தியாதல் ஆகியவை கண்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் ஆன்டிபயாடிக் எழுதினால் அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். டைபாய்டில் காய்ச்சல் இறங்கியதும் நாமாக நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். மாத்திரை அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டு இன்றி வாங்கலாகாத மருந்து.

நம் வீட்டு நீர் எப்படி என்று அறிய ஆசைப்படும் மாணவியருக்கு ஒரு சோதனை உண்டு. குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மூவர் 1982-இல் வெளியிட்டது அது. சிறு கண்ணாடிக் குப்பியில் மருந்து தோய்த்த தாள்துண்டு இருக்கும். அதில் குறியிட்ட அளவு நீரை ஊற்றி மூடி, வெயில் படாத வெப்பமான இடத்தில் ஓர் இரவு வைக்க வேண்டும். குடலிலிருந்து வந்த பாக்டீரியாக்களுள் சில அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். அது தாளிலுள்ள இரும்புச் சத்தோடு சேர்ந்து நீரைக் கறுப்பாக்கும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பயிற்சி அளிக்க வகை செய்யப்பட்டது. அவர்கள் கையாளும் கருவிகளுள் இக்குப்பியும் ஒன்று. நீர் கறுக்குமாயின் மாசு உண்டு என்று மட்டுமே தெரியும். அதிலுள்ள கிருமி எந்த மருந்தை எதிர்க்கும் என்பதைக் குப்பி சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடத்தில் கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த வட்டத் தாள்களை அதன் மேல் வைத்து, எந்தத் தாளைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்றிடம் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

குப்பி கறுத்தால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டா. உள்ளே இப்போது கோடிக்கணக்கில் கிருமிகள் பெருகியிருக்கும். ஆசிரியை முன்னிலையில் அதில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துக் கழிவறையில் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.